பேட்டரியில் இயங்கும் இருப்புணரியைக் குளியலறைக்கும் கூடத்துக்கும் ஒன்றுபோல் நம்பலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் ஸ்ரீரங்கத்தில் தனியாக வசிக்கிறார்கள். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. குளியலறை விளக்கு தானாக எரியட்டும் என்று சென்ற ஆண்டு பேட்டரியில் இயங்கும் சாதாரண அசைவுணரி ஒன்றைப் பொருத்தினேன். ஆள் நுழைந்தால் விளக்கு எரியும், இரண்டு நிமிடம் அசைவு தெரியாவிட்டால் அணைந்துவிடும். ஒருநாள் இரவு அப்பா கழிப்பறையில் அமர்ந்திருந்தபோதே விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் எழுந்தவர் தடுமாறி, சுவரிலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்ல வேளையாக விழவில்லை. மறுநாளே அம்மா அந்த உணரியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுகொள்ளும் இருப்புணரிகள் இப்போது பேட்டரியிலும் கிடைக்கின்றன என்று அறிந்தேன். குளியலறையில் கீசருக்கான இணைப்பைத் தவிர வேறு மின்முனை இல்லை, சுவரைக் குடைவதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. ஆகவே பேட்டரி உணரியே எனக்கு வசதியாகப் படுகிறது. மூன்று இடங்களில் வைக்க எண்ணியிருக்கிறேன்: குளியலறை, படுக்கையறையிலிருந்து அதற்குச் செல்லும் நடைவழி, கூடம். கூடத்தில் அப்பா காலை ஆறு மணி முதல் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படிப்பார், பிற்பகலில் அங்கேயே கண்ணயர்வார். தலைக்கு மேல் மின்விசிறி நாள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளும், ஜிக்பீ என்ற குறைமின் கம்பியில்லா வலைக்கான ஒரு யுஎஸ்பி குச்சியும் ஏற்கெனவே இருக்கின்றன. நான் சென்னையில் வேலை பார்ப்பதால் மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போக முடிகிறது. பேட்டரி தீர்ந்தால் உடனே மாற்ற அங்கே ஆள் இல்லை. மூன்று இடங்களுக்கும் ஒரே வகைக் கருவி போதுமா, பேட்டரி உண்மையில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்னோட்டம்

உங்கள் பழைய கருவி கெட்டுப்போனது அல்ல, அதன் இயல்பே அப்படித்தான். அதற்குள் இருப்பது பிஐஆர் எனப்படும் வெப்ப அசைவுணரி. உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை முன்னாலிருக்கும் நெகிழி வில்லை பல பட்டைகளாகப் பிரித்து உணரியின் மேல் விழச் செய்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு ஆள் நகரும்போது உண்டாகும் மாற்றத்தைத்தான் அது காண்கிறது. மாற்றம் இல்லையென்றால் அதன் கணக்கில் அறையில் ஆளும் இல்லை. ஆனால் இந்த வேலைக்குச் சில மைக்ரோ ஆம்பியர் முதல் சில பத்து மைக்ரோ ஆம்பியர் வரைதான் மின்சாரம் தேவை. பட்டன் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் அது ஓடுவதற்குக் காரணம் இதுவே.

ரேடார் உணரி வேறு வகை. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை ஆராய்கிறது. மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதுகூட அதற்குத் தெரியும். உங்கள் அப்பாவின் நிலைமைக்கு வேண்டியது இதுதான். இடையூறு மின்சாரத்தில் இருக்கிறது. வீட்டிலேயே கருவி செய்து பார்ப்பவர்கள் பெரிதும் வாங்கும் எல்டி 2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் தொகுதி, 5 வோல்ட்டில் சராசரியாக 80 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும், அதாவது 0.4 வாட். சிஆர் 2450 பட்டன் பேட்டரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 600 மில்லி ஆம்பியர் மணி. 3 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 வாட் மணி வருகிறது. காகிதக் கணக்கில்கூட நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், உண்மையில் அத்தனை மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுக்கும் திறனே அந்தப் பேட்டரிக்குக் கிடையாது. ஏஏ அளவு அல்கலைன் பேட்டரி இரண்டு போட்டாலும் ஒரு நாள் முழுதாகத் தாங்காது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு பட்டன் பேட்டரி இரண்டு ஆண்டுகள் ஓட வேண்டுமானால், அதாவது 17,520 மணி நேரம், சராசரி மின்னோட்டம் 34 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். எண்பது மில்லி ஆம்பியர் எங்கே, முப்பத்து நான்கு மைக்ரோ ஆம்பியர் எங்கே! இடைவெளி இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். பேட்டரி இருப்புணரிகளைச் செய்பவர்கள் இந்த இடைவெளியை இரண்டு வழிகளில் நிரப்புகிறார்கள். ரேடாரைத் தொடர்ந்து ஓட்டாமல் நொடிக்குள் மிகச் சிறிய நேரம் மட்டும் எழுப்பி உறங்கவைப்பது ஒன்று. வெப்ப உணரியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஆள் நுழைந்ததாக அது சொன்ன பிறகே ரேடாரை எழுப்புவது மற்றொன்று. 2025இல் வந்த அகாரா எஃப்பி 300 இப்படி வெப்ப உணரியையும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறது. அதில் இரண்டு சிஆர் 2450 பேட்டரிகள், ஜிக்பீயில் மூன்று ஆண்டுகள் வரை, த்ரெட் என்ற மற்றொரு கம்பியில்லா வலையில் இரண்டு ஆண்டுகள் வரை என்பது தயாரிப்பாளர் தரும் அளவு.

உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது. பேட்டரியின் ஆயுளைக் கருவியைவிட அறைதான் தீர்மானிக்கிறது. குளியலறையில் இருவருமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், மீதி இருபத்திரண்டு மணி நேரம் ரேடாருக்கு வேலையில்லை. கூடத்தில் அப்பா பதினான்கு மணி நேரம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடாரின் வேலை ஏழு மடங்காகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட ஆண்டுக்கணக்கு எந்த மாதிரியான அறையை மனதில் கொண்டு சொல்லப்பட்டது என்று நமக்குத் தெரியாதபோது, அதை நாள் முழுவதும் ஆள் இருக்கும் அறைக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. நடைவழிக்கு ரேடாரே வேண்டாம். அங்கே யாரும் உட்காரப்போவதில்லை, நடந்து கடப்பார்கள். நீங்கள் கழற்றி வைத்த பழைய அசைவுணரியையே அங்கே மாட்டுங்கள்.

வைகைவாசி

மேலே நண்பர் கணக்காகச் சொன்னதை நான் அனுபவத்தில் கண்டேன். மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பேட்டரியில் இயங்கும் இருப்புணரி ஒன்றை மாட்டினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் தவறு நான் இடம் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் என்று எண்ணியிருந்த பேட்டரி ஐந்தாம் மாதத்தில் தீர்ந்தது. புதிது போட்டேன், அதுவும் அவ்வளவுதான். பிறகு ஹோம் அசிஸ்டென்ட்டில் பதிவான வரலாற்றை எடுத்துப் பார்த்தபோது, நாங்கள் எல்லோரும் மாடியில் தூங்கும் இரவு நேரத்திலும் கூடத்தில் ஆள் இருப்பதாக அது விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. காரணம் மின்விசிறி. என் மனைவி செடிகளுக்காக அதைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டிருந்தார்.

நம் வீடுகளில் தொங்கும் மின்விசிறியின் இறக்கைகள் பெரும்பாலும் உலோகத் தகடுகள். ரேடாருக்கு அதைவிடப் பளிச்சென்று தெரியும் பொருள் வேறில்லை. வெப்ப உணரி விசிறியைப் பார்த்துப் பெரும்பாலும் ஏமாறாது. ஆனால் மாலையில் ஒருமுறை ஆள் நடந்து ரேடார் எழுந்துவிட்டால், அதன் பிறகு விசிறியின் சுழற்சியே அதை உறங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தவறான செய்தி ஒரு பக்கம், வீணாகும் பேட்டரி ஒரு பக்கம் என்று இரட்டை நட்டம். கொடியில் காயும் வேட்டி, சன்னல் திரை ஆகியவையும் காற்றில் ஆடினால் இதே வேலையைச் செய்யும். உணரியைக் கூரையில் மாட்டாமல், விசிறியின் தளத்துக்கு நன்கு கீழே சுவரில் மாட்டி, முகத்தைச் சற்றே தரையை நோக்கிச் சாய்த்து, பார்க்கும் தூரத்தை நாற்காலி வரைக்கும் மட்டும் அமைத்த பிறகுதான் எங்கள் கூடத்தில் அது அடங்கியது. அப்படியும் கடைசியில் கூடத்துக்கு அடாப்டரில் ஓடும் உணரியையே வாங்கினேன். தொலைக்காட்சிக்குப் பின்னாலிருக்கும் மின்முனையிலிருந்து ஒரு யுஎஸ்பி கம்பியைக் கேசிங் பட்டிக்குள் விட்டு இழுத்தால் போதும், சுவரைக் குடைய வேண்டியதில்லை. உங்கள் அப்பா இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். வெப்ப உணரி காண்பது உடலுக்கும் பின்னாலிருக்கும் சுவருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை. தோலின் வெப்பம் 33, 34 டிகிரி அளவில் இருக்கும். சித்திரை, வைகாசியில் மேல்தளத்து வெயில் இறங்கிய அறையின் சுவரும் அதே வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. அப்போது ஆள் உள்ளே வந்தும் அந்தக் காவலாளிக்குத் தெரிவதில்லை, அவன் எழுப்பாமல் ரேடாரும் விழிப்பதில்லை. உங்கள் குளியலறை மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி இருந்தால் கோடைப் பிற்பகலில் இதைச் சோதித்துப் பாருங்கள். இரவில் இந்தச் சிக்கல் குறைவு.

காவிரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கூடத்தைப் பேட்டரிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். குளியலறை கிழக்குப் பக்கம் இருப்பதால் வெயில் பெரிய தடையாக இருக்காது என்று நம்புகிறேன்.

எனக்குள்ள அச்சம் வேறு. ரேடாரே ஆனாலும் ஒருநாள் அது தவறலாம், பேட்டரி தீரலாம், வலைப்பின்னல் அறுந்துபோகலாம். அந்த நேரத்தில் அப்பா உள்ளே இருந்தால் மறுபடியும் இருட்டில்தான் நிற்பார். அம்மாவிடம் இதை மீண்டும் மாட்டலாமா என்று கேட்கும் முன்பு, எது தவறினாலும் விளக்கு அணையாது என்று என்னால் உறுதி சொல்ல முடிய வேண்டும். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்குத் தேவைப்படும் நியூட்ரல் கம்பி சுவிட்சுப் பெட்டியில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தறிநூல்

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் கருவியை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் மாமியார் வீட்டில் நான் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, இரவில் குளியலறை முழு இருட்டாகவே கூடாது. எந்த உணரியோடும் தொடர்பில்லாத எல்இடி வகை ஜீரோ வாட் பல்பு ஒன்று மாலை முதல் காலை வரை எரியட்டும். அதன் மின்செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. உணரி செய்ய வேண்டியது பெரிய விளக்கை ஏற்றுவது மட்டும். இப்படி வைத்தால் எது பழுதானாலும் வெளிச்சம் குறையுமே தவிர இருள் சூழாது.

நியூட்ரல் இல்லாத பெட்டிக்கு மிக எளிய வழி, பழைய பல்பு ஹோல்டரிலேயே ஜிக்பீ பல்பு ஒன்றை மாட்டிச் சுவிட்சை எப்போதும் போட்டே வைப்பது. மின்சாரம் வந்தவுடன் பல்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு பெரும்பாலான ஜிக்பீ பல்புகளில் உண்டு. அதை 'எரியும் நிலை' என்று வைத்துவிட்டால், உணரியும் கணினியும் செத்துக்கிடந்தாலும், அம்மா சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் விளக்கு எரியும். அவர் காலமெல்லாம் பழகிய சுவிட்சு அவர் சொன்னதைக் கேட்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அணைப்பதற்கான கட்டளையை எழுதும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். உணரி 'ஆள் இல்லை' என்று சொன்னவுடன் அணைக்காமல், அந்த நிலை பத்து நிமிடம் இடைவிடாமல் நீடித்த பிறகே அணையும்படி எழுதுங்கள். நடுவில் ஒருமுறை 'ஆள் உண்டு' என்று வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹோம் அசிஸ்டென்ட் மறுதொடக்கம் ஆகும்போதும் உணரியின் தொடர்பு போகும்போதும், அதன் நிலை 'தெரியவில்லை' என்றோ 'கிடைக்கவில்லை' என்றோ மாறும். அவற்றை 'ஆள் இல்லை' என்பதோடு சேர்த்துவிடாமல், அந்த நிலையில் விளக்கை அப்படியே விட்டுவைக்கும்படி தனியாக எழுத வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து மணி வரை பெரிய விளக்கைத் தானாக அணைக்கவே வேண்டாம், காலையில் மொத்தமாக அணைத்துக்கொள்ளலாம் என்று வைத்தாலும் நான் தவறு சொல்லமாட்டேன். எல்இடி விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரிவது, ஒருவர் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதோடு ஒப்பிடக்கூடிய செலவே இல்லை.

பேட்டரி அளவைக் காட்டும் விழுக்காட்டை அதிகம் நம்பாதீர்கள். லித்தியம் பட்டன் பேட்டரியின் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதியில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று சரியும். எண்பது விழுக்காடு என்று காட்டியது அடுத்த சில வாரங்களில் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட, உணரியிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்த நேரத்தைக் கவனிப்பது நல்லது. பன்னிரண்டு மணி நேரம் செய்தி இல்லையென்றால் உங்கள் கைப்பேசிக்குத் தகவல் வரட்டும். தினமும் பலமுறை பயன்படும் அறையில் அத்தனை நேரம் மௌனம் என்றால் ஏதோ பழுது என்றே பொருள், அல்லது வீட்டில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க வேண்டிய நேரம்.

பேட்டரியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். மறுபடி மின்னேற்றலாம் என்று விற்கப்படும் எல்ஐஆர் 2450ஐ இதில் போடாதீர்கள். வடிவம் ஒன்றே, ஆனால் முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட் வரை போகும், 3 வோல்ட்டுக்காகச் செய்த கருவி பழுதாகலாம். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் பழைய பேட்டரியை மேசையின் மேல் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். புதியதும் பழையதும் பூட்டிய இழுப்பறையில்தான் இருக்க வேண்டும்.

மின்னோட்டம்

தறிநூல் சொன்ன பல்பு வழி சரியானது. அதனோடு ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். பேட்டரி உணரி ஜிக்பீ வலையில் மற்றவர்களின் செய்தியைக் கடத்தாது, தன் செய்தியை அருகிலுள்ள ஏதாவது ஒரு மின்னிணைப்புக் கருவியிடம் கொடுத்துவிட்டு உறங்கும். நீங்கள் மாட்டும் ஜிக்பீ பல்பே அந்தக் கருவியாக அமைந்துவிட்டால், அம்மா சுவிட்சை அணைத்த நிமிடத்தில் உணரிக்கு வழி இல்லாமல் போகும். ஆகவே நடைவழிக்குப் பக்கத்து அறையில் எப்போதும் மின்சாரம் உள்ள ஜிக்பீ பிளக் ஒன்றை மாட்டுங்கள். அதற்கான மின்முனை இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கட்டும். குளியலறை விளக்கு, ராஸ்பெர்ரி பை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். மின்தடையின்போது உணரி மட்டும் பேட்டரியில் விழித்திருந்து பயனில்லை.

யுஎஸ்பி குச்சியை ராஸ்பெர்ரி பையில் நேரடியாகச் செருகியிருந்தால், ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு விலக்கி வையுங்கள். யுஎஸ்பி 3 முனையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்து ஜிக்பீயைக் கெடுக்கும். உணரியின் அமைப்புகளைச் சென்னையிலிருந்தே மாற்ற எண்ணியிருந்தால் ஒரு சிரமம் உண்டு. உறங்கும் கருவிக்கான கட்டளையை அதன் அண்டைக் கருவி ஏழரை நொடி அளவுக்குத்தான் வைத்திருக்கும். பல உணரிகளில் பொத்தானை அழுத்தி எழுப்பினால்தான் புதிய அமைப்பு போய்ச் சேரும். எனவே தூரம், உணர்திறன் எல்லாவற்றையும் ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். குளியலறைக்கு வெப்ப உணரியும் ரேடாரும் சேர்ந்த இரட்டை உணரி, நடைவழிக்குப் பழைய அசைவுணரி, கூடத்துக்கு அடாப்டரில் ஓடுவது என்று முடிவாகிவிட்டது. ஜீரோ வாட் பல்பைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது, "அதை முதலிலேயே போட்டிருக்கலாமே" என்றார் அம்மா. குளியலறையில் உணரியை எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கதவு வடக்கே, கழிப்பிடம் தெற்குச் சுவரோரம், ஷவர் தென்மேற்கு மூலையில் இருக்கிறது.

வைகைவாசி

கிழக்குச் சுவரில், தோள் உயரத்துக்குச் சற்று மேலே மாட்டுங்கள். வடக்கிலிருந்து நுழைபவர் அதன் முன்னால் குறுக்கே நடந்து போவார். வெப்ப உணரி நேராகத் தன்னை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை விரைவாகக் காணும். தெற்கே உட்கார்ந்திருப்பவரும் ரேடாரின் எல்லைக்குள் இருப்பார். ஷவரின் நீர் தெறிக்காத தூரம் இருக்கிறதா, வெந்நீர் ஆவி வில்லையில் நேராகப் படியுமா என்று அப்பா குளித்து முடித்தவுடன் போய்ப் பாருங்கள். திருகாணி அடிக்கும் முன்பு இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டையால் ஒட்டி வைத்து, கதவைச் சாத்திவிட்டு நீங்களே பதினைந்து நிமிடம் அசையாமல் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தி, நடைவழியில் ஆளை நடக்கவிட்டு, மரக்கதவைத் தாண்டி ரேடார் அவரைப் பார்க்கிறதா என்பதையும் சோதியுங்கள். பார்த்தால் தூரத்தை அரை மீட்டர் குறைத்து மறுபடியும் அதே சோதனையைச் செய்யுங்கள்.